இரண்டரை மணி நேரத் தாமதம்: புதுச்சேரிக் கடலில் ஒரு ஸ்நார்க்கெல் பயணத்தின் ஆய்வு

கடலூர், புதுச்சேரிக் கரையிலிருந்து ஸ்நார்க்கெல் (மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டி, நீரில் குப்புற மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது) போடக் கிளம்பும் ஒருநாள் பயணங்களில் திரும்பத் திரும்ப வரும் தவறுகளைக் கோர்த்து, ஒரே நாளில் ஒரே குழுவுக்கு நடந்ததாக வைத்து எழுதிய ஆய்வு இது. குழுவும் அதன் நேரக்கணக்கும் மாதிரிக்காக வைத்தவை. காற்று, நீரோட்டம், குழாய், மூச்சு பற்றிய கணக்குகள் எந்தக் குழுவுக்கும் பொருந்தும். இந்த நிகழ்வில் யாரும் சாகவில்லை. ஆய்வுக்கு அதுவே வசதி. சாவு நடந்துவிட்டால் எல்லோரும் கடைசி ஐந்து நிமிடத்தையே பார்ப்பார்கள். இதில் காலை ஐந்து மணியிலிருந்தே பார்க்கலாம்.

ஆட்களும் திட்டமும்

பிப்ரவரி கடைசி ஞாயிறு. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எட்டுப் பேர். நால்வர் தண்ணீரில் இறங்குவது, நால்வர் படகிலேயே இருப்பது என்று பேச்சு. இறங்கிய நால்வர்: கிணற்றில் நீச்சல் பழகிய 52 வயதுக்காரர், அதே கிணற்று நீச்சலுடன் அடர்த்தியான மீசை வைத்த 34 வயதுக்காரர், குளத்தில் நீச்சல் கற்ற, கண்ணாடி போடும் 29 வயதுப் பெண், நீச்சல் தெரியாத 14 வயதுப் பையன். 52 வயதுக்காரர் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

திட்டம் நல்ல திட்டம்தான். காலை 5.00 மணிக்குக் கடலூரில் கிளம்பி, 7.00 மணிக்குக் கடலுக்குள் ஒரு பார் (கடலடிப் பாறைத்தரை) மேல் இறங்கி, 8.30 மணிக்குப் படகேறி, சுண்ணாம்பாற்று முகத்துவாரத்து மணல் கடற்கரையில் சாப்பாடு, வெயில் ஏறுமுன் வீடு. கிளம்பியது 6.00 மணிக்கு. வழியில் டிபன் 40 நிமிடம். வாடகைக்கு மாஸ்க், ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) பொறுக்கி எடுக்க 35 நிமிடம். படகில் அவற்றை மாட்டிக் கழற்றி மாட்ட இன்னும் 15 நிமிடம். தண்ணீரில் இறங்கும்போது மணி 9.30. சரியாக இரண்டரை மணி நேரம் தள்ளிப்போயிருந்தது. அதற்கு ஏற்ப யாரும் முடிக்கும் நேரத்தைக் குறைக்கவில்லை. 'ஒன்றரை மணி நேரம் தண்ணீரில்' என்ற கணக்கு மட்டும் அப்படியே 11.00 மணிக்கு நகர்ந்தது. பின்னால் நடந்த அத்தனைக்கும் வேர் இந்த நகர்வு.

தீவுக் கடற்கரையிலேயே ஏன் இறங்கவில்லை

நோணாங்குப்பத்துப் படகுத்துறையிலிருந்து சுண்ணாம்பாற்றில் படகேறிப் போகும் பாரடைஸ் பீச்சைப் பலரும் தீவு என்றே சொல்வார்கள். உண்மையில் அது ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல் திட்டு. பார்க்க வெப்பமண்டலத் தீவுக் கடற்கரை போலவே இருக்கும். ஆனால் மாஸ்க் போட்டுப் பார்க்க அங்கே ஒன்றும் கிடையாது, ஆபத்து மட்டும் நிறைய.

காரணம் எளிது. இந்தக் கரை சரிவாக இறங்கும் மணல் கரை. முன்னால் அலையை உடைக்கப் பவளத்திட்டு எதுவும் இல்லை. ஒரு மீட்டர் அலை ஏறக்குறைய 1.3 மீட்டர் ஆழத்தில் உடையும். அதாவது நிற்க முடிகிற இடத்திலேயே, தலைக்கு மேல். உடைகிற அலை அடிமணலைக் கிளப்பிக்கொண்டே இருக்கும். அலை உடையும் இடத்தைத் தாண்டிக் கடலுக்குள் போனாலும் மணல் அடங்காது. அலைக்கு அலை 10 விநாடி இடைவெளி உள்ள கடல் என்றால் அலைநீளம் ஆழ்கடலில் 156 மீட்டர். அதன் அசைவு நீளத்தில் பாதி ஆழம்வரை, 78 மீட்டர்வரை, எட்டும். ஐந்து மீட்டர் ஆழத்து மணல் எப்படிச் சும்மா கிடக்கும்? கையை நீட்டினால் விரல் தெரியாத பச்சைத் தண்ணீர்தான் கிடைக்கும். போதாக்குறைக்கு, அலை கொண்டுவந்து கொட்டிய நீர் திரும்பிப் போக வழி தேடி, இரு மணல்மேடுகளுக்கு நடுவே கடலைநோக்கி இழுக்கும். குளிக்கிறவர்களை அடித்துக்கொண்டு போவது அந்த இழுப்புதான். கடலூர் சில்வர் பீச்சுக்கும் இதே கணக்கு.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நிலைமை இன்னும் மோசம். தென்பெண்ணை, கெடிலம், சங்கராபரணி எல்லாம் செம்மண்ணைக் கொண்டுவந்து இதே கரையில்தான் கொட்டுகின்றன. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையேறிய பிறகு தென்பெண்ணையில் வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குக் கடல் எந்த நிறத்தில் கிடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆக, இங்கே ஸ்நார்க்கெலுக்கான காலம் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல்வரை. இடம் கரையைவிட்டுத் தள்ளி, மணலுக்கு மேலே எழுந்து நிற்கும் பாறைத்தரை. மீனவர்கள் பார் என்பது அதைத்தான். களவாவும் சங்கராவும் கிளிமீனும் அங்கேதான் நிற்கும்.

குழு இதுவரை சரியாகவே யோசித்திருந்தது.

தண்ணீரில் நடந்தது

படகுக்காரர் கொண்டுபோய் நிறுத்திய பாரின் தலை 6 மீட்டர் ஆழத்தில். நங்கூரம் பாறையிடுக்கில் போய் விழுந்தது. காலையில் மேல்காற்று, அதாவது கரையிலிருந்து வரும் மேற்குக் காற்று, இன்னும் லேசாக இருந்தது, கடல் தட்டையாகத் தெரிந்தது. நால்வரும் இறங்கினார்கள்.

பத்து நிமிடத்தில் ஏமாற்றம். தண்ணீரில் தெளிவு 4 மீட்டர்தான். பார் இருப்பதோ 6 மீட்டரில். குனிந்து பார்த்தால் பச்சைப் புகை. எங்கேயாவது தெரியுமா என்று தேடி மூவர் வடக்கே நகர்ந்தார்கள். நகர்வது சுகமாக இருந்தது, ஏனென்றால் நீரோட்டம் வடக்கே ஓடிக்கொண்டிருந்தது. பையன் மட்டும் லைஃப் ஜாக்கெட்டோடு படகை ஒட்டிக் கிடந்தான்.

10.20 மணிக்குக் காற்று நின்றது. 10.30 மணிக்குக் கிழக்கே இருந்து திரும்பி வந்தது. படகுக்காரர் அதைக் கண்டுகொண்டு, 'அண்ணே, காத்து திரும்பிடுச்சு, எல்லாரையும் ஏறச் சொல்லுங்க' என்று படகில் இருந்தவரிடம் சொன்னார். அவர் கையைக் காட்டினார். தண்ணீரில் இருந்தவர்கள் பதிலுக்குக் கையாட்டினார்கள். 'வாருங்கள்' என்றது ஒரு கை, 'நன்றாக இருக்கிறோம்' என்றது மறு கை. இரண்டும் ஒரே சைகை.

10.40 மணிக்குச் சிற்றலை 40 செ.மீ. உயரத்துக்கு எழுந்துவிட்டது, மூன்று விநாடிக்கு ஒன்று. 52 வயதுக்காரர் படகிலிருந்து 100 மீட்டர் வடக்கே. குழாய்க்குள் இரண்டு முறை தண்ணீர் வந்தது. மூன்றாவது முறை இருமிக்கொண்டே தலையைத் தூக்கினார், மாஸ்க்கை நெற்றிக்கு ஏற்றினார், நெட்டுக்குத்தாக நின்று கையடித்தார். மீசைக்காரர் பக்கத்தில் போனபோது அவர் தோளைப் பிடித்து அழுத்தினார். படகு நங்கூரத்தை எடுக்கப் பார்த்தால் அது பாறையில் மாட்டியிருந்தது. கயிற்றை அறுத்துவிட்டுப் படகு போய்ச் சேர ஏழு நிமிடம். சேர்ந்தபிறகும் அவரைப் படகுக்குள் ஏற்ற இன்னும் ஆறு நிமிடம், மூன்று பேர் இழுத்து. நெஞ்சிலும் வயிற்றிலும் விளிம்பு கிழித்த கீறல்கள். அந்தப் பெண் அதற்குள் அமைதியாக மல்லாந்து மிதந்துகொண்டிருந்தார். அவருக்குக் குளத்தில் கற்றுக்கொடுத்திருந்த முதல் பாடம் அது.

ஏன்: மூச்சுக்குழாய்

கிணற்றில் மணிக்கணக்கில் நீந்துகிற மனிதர் அமைதியான கடலில் ஒரு மணி நேரத்தில் ஏன் மூச்சு முட்டிப்போனார்? 'பயந்துட்டார்' என்று முடித்துவிடுவது வழக்கம். பயம் கடைசியில் வந்தது. அதற்கு முன்னால் வந்தது குழாய்க் கணக்கு.

சாதாரண ஸ்நார்க்கெல் குழாய் 40 செ.மீ. நீளம், உட்குறுக்களவு 2 செ.மீ. அதன் கொள்ளளவு சுமார் 125 மி.லி. ஓய்வாக ஒரு மூச்சில் உள்ளே போவது 500 மி.லி. அதில் 150 மி.லி. தொண்டையிலும் மூச்சுக்கிளைகளிலும் நின்றுவிடும், நுரையீரலின் காற்றறைக்குப் போகாது. குழாயில் தங்கிய பழைய காற்று 125 மி.லி. முதலில் திரும்ப உள்ளே போகும். மிச்சம் புதுக்காற்று 225 மி.லி. மட்டும். பதற்றத்தில் நிமிடத்துக்கு 24 முறை மேலோட்டமாக மூச்சுவிட்டால் உருப்படியாகக் கிடைப்பது 5.4 லிட்டர். அதே ஆள் 1,000 மி.லி. ஆழமாக, நிமிடத்துக்கு 12 முறை விட்டால் ஒரு மூச்சுக்கு 725 மி.லி., மொத்தம் 8.7 லிட்டர். மூச்சை வேகமாக்க வேகமாக்கக் கிடைக்கிற காற்று குறைகிறது. கார்பன் டை ஆக்சைடு தேங்குகிறது. அது இன்னும் வேகமாக மூச்சுவிடச் சொல்கிறது. கரையில் நிற்கும்போதே குழாயை வாயில் வைத்து, 'நாலு எண்ணி இழு, ஆறு எண்ணி விடு' என்று ஐந்து நிமிடம் பழக்கியிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். குழாயை நீட்டிப் பெரிதாக்கினால் ஆழத்தில் மூச்சுவிடலாம் என்று சிலர் பி.வி.சி. பைப்போடு கிளம்புவதும் உண்டு. தேங்கும் காற்று கூடுவதோடு, ஒரு மீட்டர் ஆழத்து நீர் நெஞ்சை அழுத்தும் அழுத்தத்துக்கு எதிராக நெஞ்சுத்தசையால் காற்றைத் தொடர்ந்து இழுக்க முடியாது.

குழாய்க்குள் தண்ணீர் ஏன் வந்தது? முகம் குப்புற இருக்கும்போது குழாயின் நுனி நீருக்கு மேலே ஒரு சாண்கூட நிற்காது. 40 செ.மீ. சிற்றலை அதைத் தாண்டாமல் இருக்குமா? அதுவரை ஒன்றுமில்லை, வந்த நீரை 'தூ' என்று ஒரே வெடிப்பாக ஊதினால் வெளியே போய்விடும். அதற்கு நெஞ்சில் கொஞ்சம் காற்று மிச்சம் வைத்திருக்க வேண்டும், அது பழகாதவருக்கு வராது. 52 வயதுக்காரர் குழாயில் அடிப்பக்கம் நீரை வெளியேற்றும் வால்வு இருந்தது. கரைக்கு வந்தபின் அதைத் திறந்து பார்த்தால், மெல்லிய சிலிகான் தகட்டுக்கும் அதன் வட்டத்துக்கும் நடுவே ஒரு மணல் துகள். கடுகில் பாதி. அந்த இடைவெளியில் ஒவ்வொரு மூச்சிலும் சொட்டுச்சொட்டாக நீர் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. வாடகைக் கருவியை மணலில் பரப்பிவைத்துப் பொறுக்கினால் இதுதான் பலன். சோதிக்க இரண்டு விநாடி போதும்: குழாயின் மேல்நுனியை உள்ளங்கையால் அடைத்து, வாயால் இழுத்துப் பாருங்கள். காற்று வந்தால் வால்வு ஒழுகுகிறது. நல்ல தண்ணீரில் அலசிவிட்டு மறுபடி இழுங்கள்.

பையன் போட்டிருந்தது முகம் முழுதும் மூடும் மாஸ்க். அவன் படகை ஒட்டிக் கிடந்ததால் தப்பித்தான் என்றே சொல்ல வேண்டும். அந்த மாஸ்க்கில் மூச்சு உள்ளே வரும் வழியும் வெளியே போகும் வழியும் தனித்தனியாக வால்வு வைத்துப் பிரிக்கப்பட்டிருக்கும். முகத்துக்கு அளவு பொருந்தாவிட்டாலோ வால்வு கெட்டாலோ விட்ட மூச்சே திரும்ப வரும். நீர் புகுந்தால் குழாயைத் துப்புவதுபோல் துப்ப முடியாது. தலைக்குப் பின்னால் நாலு பட்டையைக் கழற்ற வேண்டும். நீச்சல் தெரியாதவருக்கு வசதியானது என்று கொடுக்கப்படுவது, உண்மையில் நீச்சல் தெரியாதவருக்குக் கொடுக்கவே கூடாதது.

மீசை, எண்ணெய், மூக்குத்தி

மீசைக்காரர் தண்ணீரில் இருந்த நேரத்தில் பாதியை மாஸ்க்கைக் காலிபண்ணுவதில் கழித்தார். மாஸ்க்கின் சிலிகான் விளிம்பு மேலுதட்டுக்கும் மூக்குக்கும் நடுவேதான் உட்காரும். மீசை அங்கே ஆயிரம் சின்ன வாய்க்கால் வெட்டிவைக்கிறது. மீசையை எடுக்கச் சொன்னால் நம்மவர்களுக்கு மனசு வராது, வேண்டியதும் இல்லை. மூக்குக்குக் கீழே 4 மி.மீ. அகலத்துக்கு ஒரு கோடு மட்டும் வழித்தால் போதும், தூரத்திலிருந்து தெரியாது. அதுவும் கூடாதென்றால் சிலிகான் கிரீஸை மீசையில் தடவலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. நெற்றியில் வழிந்த எண்ணெயில் விளிம்பு வழுக்கும், பட்டையை இறுக்குவார்கள், இறுக்கினால் விளிம்பு மடங்கி இன்னும் ஒழுகும். மாஸ்க் பொருந்துகிறதா என்று பார்க்கப் பட்டையே தேவையில்லை. முடியை ஒதுக்கி, முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக உறிஞ்சிவிட்டுக் கையை எடுங்கள். பத்து விநாடி ஒட்டி நின்றால் அது உங்கள் மாஸ்க். மூக்குத்தி போட்டவர்களுக்கு மூக்குப் பகுதி உள்ளிருந்து இடிக்கும், விளிம்பையும் கிழிக்கும். பெரிதென்றால் அன்றைக்கு வீட்டில் வைப்பது நல்லது. கண்ணாடிக் காம்பு மாஸ்க்குக்குள் அடங்காது; பவர் கண்ணாடி பொருத்திய மாஸ்க் கிடைக்கிறது, கேட்டு வாங்க வேண்டும். அந்தப் பெண் கேட்கவில்லை. அவருக்குப் படகே மங்கலாகத்தான் தெரிந்திருக்கிறது, கைச்சைகை எங்கே தெரியும்?

உள்ளே நீர் புகுந்தால் தலையைத் தூக்கி மாஸ்க்கைக் கழற்ற வேண்டாம். மேல்விளிம்பை இரண்டு விரலால் நெற்றியோடு அழுத்தி, லேசாக மேலே பார்த்து, மூக்கால் ஊதினால் நீர் கீழ்வழியாக வெளியேறும். ஆவி படியாமலிருக்க ஒரு சொட்டு குழந்தை ஷாம்பு தடவி ஒருமுறை அலசினால் போதும். புது மாஸ்க்கென்றால் தயாரிப்பின்போது படிந்த சிலிகான் பூச்சு இருக்கும். பற்பசையால் உள்கண்ணாடியை இரண்டு மூன்று முறை தேய்த்துக் கழுவாமல் என்ன தடவினாலும் ஆவி நிற்காது.

ஏன்: காற்றும் நீரோட்டமும்

இரவில் நிலம் குளிர்ந்து, விடியலில் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும். அலை தட்டையாக இருக்கும். வெயில் ஏறி நிலம் சூடானதும் காற்று திரும்பிக் கடலிலிருந்து கரைக்கு வரும். தெளிந்த பிப்ரவரி, மார்ச் நாட்களில் இந்தத் திருப்பம் பெரும்பாலும் முற்பகலில் நடந்துவிடும். மீனவர்களுக்கு இது அன்றாடக் கடிகாரம். இந்தக் குழு 7.00 மணிக்கு இறங்கியிருந்தால் 8.30 மணிக்கு ஏறி, காற்று திரும்பும்போது மணலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும். அதே ஆட்கள், அதே மணல் துகள், அதே மீசை. ஆனால் குழாய்நுனியைத் தாண்டும் சிற்றலை இருந்திருக்காது.

நீரோட்டம் தனிக் கணக்கு. இந்தியக் கிழக்குக் கரையோர நீரோட்டம் அக்டோபர் முதல் ஜனவரிவரை தெற்கே ஓடும். பிப்ரவரியில் திரும்பி வடக்கே ஓடத் தொடங்கும். அரை நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) வேகம் என்பது விநாடிக்கு 25 செ.மீ., நிமிடத்துக்கு 15 மீட்டர். சும்மா மிதந்தாலே இருபது நிமிடத்தில் 300 மீட்டர் போய்விடலாம். களைத்த மனிதர் ஃபின்னோடு நீந்துவது விநாடிக்கு 30 செ.மீ. என்று வைத்தால், எதிர்த்து வரும்போது மிச்சம் 5 செ.மீ. நூறு மீட்டர் திரும்பி வர 33 நிமிடம். அந்த மனிதரால் படகுக்குத் திரும்பியிருக்கவே முடியாது, இருமல் வராவிட்டாலும். இறங்கியவுடன் முதல் ஒரு நிமிடம் படகுக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு கால் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு எதிர்ப்பக்கம்தான் முதலில் நீந்த வேண்டும். திரும்பும்போது நீரே கொண்டுவந்து சேர்க்கும்.

ஏன்: படகு

இங்கே வாடகைக்கு வரும் ஃபைபர் படகுகளில் ஏணி இருக்காது. மீன்பிடிக்கக் கட்டிய படகில் யாரும் தண்ணீரிலிருந்து ஏறுவதில்லை. விளிம்பு நீருக்கு மேலே முழங்கை உயரத்துக்கு மேல் நிற்கும். களைத்தவர் நனைந்த உடம்போடு அதை எட்டித் தாவ முடியாது. இறங்குவதற்கு முன் ஏறுவதை ஒத்திகை பார்க்காத குழுக்களே அதிகம். மலிவான தீர்வு: 12 மி.மீ. நைலான் கயிற்றில் இரண்டு வளையம், ஒன்று நீர்மட்டத்தில், மற்றது அதற்கு 50 செ.மீ. கீழே. ஒவ்வொரு வளையத்தின் அடியிலும் 30 செ.மீ. பி.வி.சி. பைப் துண்டைக் கோர்த்தால் காலைவைக்க வாய் திறந்தே நிற்கும். படகின் நடுப்பக்கத்தில் கட்டுங்கள், எஞ்சின் பக்கம் அல்ல. ஆள் தண்ணீரில் இருக்கும்வரை எஞ்சின் அணைந்திருக்க வேண்டும்.

நங்கூரத்தைப் பாரில் போடாமல் பக்கத்து மணலில் போட்டிருந்தால் மாட்டியிருக்காது, பாருக்கும் கேடில்லை. மாட்டினால் அறுக்காமல் விட, கயிற்றின் படகுப்பக்க நுனியில் ஒரு காலி கேனைக் கட்டிவைப்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். அவசரம் என்றால் கேனோடு கயிற்றைக் கடலில் தள்ளிவிட்டுப் போய், ஆளை ஏற்றிவிட்டு வந்து எடுத்துக்கொள்ளலாம். இன்னொன்று: மீன்பிடிப் படகின் பதிவு மீன்பிடிக்கத்தான், ஆட்களை ஏற்றத் தனி உரிமமும் காப்பீடும் வேண்டும். வாடகை பேசுமுன் அதைக் கேளுங்கள்.

படகிலிருந்த பஞ்சு லைஃப் ஜாக்கெட்டை மூன்று பெரியவர்களும் போடவில்லை. குப்புறப் படுக்க விடாமல் மல்லாத்துகிறது என்பது அவர்கள் குறை. உண்மைதான், அது அதற்காகவே செய்யப்பட்டது. ஸ்நார்க்கெலுக்கென்று வாயால் ஊதும் மெல்லிய ஜாக்கெட் உண்டு. அதுவும் இல்லையென்றால் லாரி டியூப் போதும்: காற்றடைக்கும் முனையைத் துணிவைத்து டேப் சுற்றி, டியூபைச் சுற்றிப் பிடிகயிறு கட்டி, ஜோடிக்கு ஒன்றாக இழுத்துக்கொண்டே நீந்துவது. அன்றைக்கு மீசைக்காரர் வெறுங்கையோடு போகாமல் டியூபைத் தள்ளிக்கொண்டு போயிருந்தால், அழுத்தப்பட்டது அவர் தோளாக இருந்திருக்காது.

மறுபடி போவதானால்

முதல் நாள் மாலையே கருவிகளை எடுத்து, வீட்டில் வாளித் தண்ணீரில் வால்வு, மாஸ்க், பட்டை எல்லாம் பார்த்துவிடுவது. ஐதராபாத்திலுள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் வெளியிடும் அலை முன்னறிவிப்பைப் பார்ப்பது. உயர் அலை எச்சரிக்கை இருந்தால் அன்று பயணமே இல்லை. முந்தின இரவு புதுச்சேரிக்கே வந்து தங்குகிறவர்கள் எதற்காக வந்தோம் என்பதில் தெளிவாக இருப்பது நல்லது. மது உடம்பின் நீரை வற்றவைக்கும், காலையில் குமட்டலையும் சேர்த்துக் கொடுக்கும். காலைச் சாப்பாடு இரண்டு இட்லி, இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால். வடையும் பூரியும் திரும்பி வந்து. படகுக் குமட்டலுக்கு அவோமின் போடுகிறவர்கள் தூக்கம் வரும் என்பதை மறக்கக் கூடாது. அதைப் போட்டவர் படகில் இருக்கட்டும், தண்ணீரில் வேண்டாம்.

இடத்துக்குப் போனதும் முதலில் இறங்க வேண்டியது தட்டு. 30 செ.மீ. குறுக்களவுள்ள வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டில் மூன்று ஓட்டை போட்டு, அடியில் அரைக் கிலோ கல் கட்டி, மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்ட கயிற்றில், படகின் நிழல் பக்கம் இறக்க வேண்டும். தட்டு எந்த முடிச்சில் மறைகிறது? பாரின் தலை 6 மீட்டர் என்றால் தட்டு குறைந்தது 8 மீட்டர்வரை தெரிய வேண்டும். மீன் வெள்ளைத் தட்டு இல்லை. தட்டு மறைவதற்கு வெகு முன்பே அது மறைந்துவிடும். அன்று இதைச் செய்திருந்தால் 4 மீட்டரில் மறைந்திருக்கும். ஒன்றும் தெரியாத கடலில் யாரும் இறங்கியிருக்க மாட்டார்கள், தேடி அலைந்து வடக்கே போயிருக்கவும் மாட்டார்கள். ஐந்து நிமிட வேலை.

ஏறும் நேரம் கடிகாரத்தில் எழுதப்பட்ட நேரமாக இருக்க வேண்டும். 9.30 மணி என்று வைத்தால், 9.10 மணிக்கு இறங்கியவருக்கும் அதுவே 9.30 மணி. 'திரும்பு' என்று சொல்லும் உரிமை படகுக்காரருக்கு. அவர் சொன்னால் யாரும் பேரம் பேசக் கூடாது. சைகைகளை முன்பே பிரித்துவிடுவது: தலைமேல் கையை வட்டமாக வைத்தால் நலம், கையை அகல ஆட்டினால் உதவி, விசில் மூன்று முறை ஊதினால் உடனே படகுக்கு. ஒவ்வொருவரும் ஜோடியோடு, ஜோடி கை எட்டும் தூரத்தில். முழுக்கை பனியனும் லெக்கிங்ஸும் போட்டால் கழுத்தின் பின்பக்கமும் கெண்டைக்காலும் வெந்துபோகாது. சொறி (ஜெல்லிமீன்) தொட்டாலும் பாதிதான் படும். துப்பட்டா வேண்டாம், நனைந்ததும் அது கயிறு.

சொறி பட்டால் மணலால் தேய்க்கவோ நல்ல தண்ணீர் ஊற்றவோ கூடாது. கடல்நீரால் கழுவி, ஒட்டிய இழைகளைச் சாமணத்தால் எடுத்து, தாங்கக்கூடிய சூட்டில், ஏறக்குறைய 45 டிகிரி, இருபது நிமிடம் வெந்நீரில் வைக்க வேண்டும். திருக்கை முள்ளுக்கும் வெந்நீர்தான், இன்னும் நேரம் கூட. ஃபிளாஸ்க்கில் டீ கொண்டுபோகிறவர்கள் இன்னொரு ஃபிளாஸ்க்கில் வெந்நீரும் கொண்டுபோகலாம். பாரில் விரித்த செவுள் வலை கண்ணுக்குத் தெரியாது. வலையைக் காட்டும் கொடி மிதக்கும் இடத்துக்கும் அதைச் சுற்றியும் போகாதிருப்பது ஒன்றே வழி.

மூச்சு நின்ற ஆளை ஏற்றினால் வயிற்றை அழுத்துவதும் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் நேரத்தைத் தின்னும். மல்லாக்கப் படுக்கவைத்து, மூக்கைப் பிடித்து வாயோடு வாய் ஐந்து மூச்சு, பிறகு நெஞ்சில் 30 அழுத்து, 2 மூச்சு, இதே சுற்று. கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093, கரையில் ஆம்புலன்சுக்கு 108. கைபேசி தண்ணீர் புகாத உறையில் படகுக்காரர் பக்கத்தில் இருக்கட்டும்.

அன்று மாலை

படகில் ஏற்றிய அரை மணி நேரத்தில் 52 வயதுக்காரர் பேசினார், சிரித்தார், மணல் கடற்கரையில் பாதிச் சாப்பாடு சாப்பிட்டார். இருமல் மட்டும் நிற்கவில்லை. 'உப்புத் தண்ணி குடிச்சிருக்கேன்ல' என்றார். குடும்பமும் அப்படியே எடுத்துக்கொண்டது.

உடம்பு நீரில் மூழ்கும்போது கால், கையின் ரத்தத்தில் அரை லிட்டருக்கும் மேல் நெஞ்சுக்கு நகரும். குறுகிய குழாய்வழி வலுவாக இழுத்து மூச்சுவிடும்போது நெஞ்சுக்குள் உறிஞ்சுவிசை கூடி, ரத்தக்குழாயின் நீர் நுரையீரல் காற்றறைக்குள் கசியலாம். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது எளிதில் நடக்கும். ஹவாய்த் தீவுகளில் ஸ்நார்க்கெல் சாவுகளை ஆராய்ந்தவர்கள் கவனத்தைத் திருப்பியது இந்தக் கசிவின் பக்கம். தண்ணீரே விழுங்காமலும் வரும். அறிகுறி: நீரில் இருக்கும்போதே காரணமில்லாத மூச்சுத்திணறல், கையும் காலும் சட்டென்று ஓய்ந்துபோவது, பிறகு விடாத இருமல், சிலருக்கு இளஞ்சிவப்பு நுரை. அவருக்கு முதல் மூன்றும் இருந்தன. இந்த நிலையில் ஆளைப் படுக்கவைக்கக் கூடாது, உட்காரவைத்தே நேராக மருத்துவமனைக்குக் கொண்டுபோய், ஸ்நார்க்கெல் போட்டார் என்பதையும் எந்த மாத்திரை எடுக்கிறார் என்பதையும் சொல்லி, ஆக்சிஜன் அளவையும் நெஞ்சு எக்ஸ்ரேயையும் பார்க்க வேண்டும். இருமல் குறைந்தாலும் அன்றிரவு தனியாகத் தூங்கவிடக் கூடாது. அவர் மறுநாள் காலைதான் டாக்டரிடம் போனார், இருமல் தூங்கவிடவில்லை என்று.